பூட்டனுக்கு ஒரு ஜெராக்ஸ்

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கோயமுத்தூர் போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வரணும்.

ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குக் காது குத்து. எந்த விசேஷம்னாலும் என் வீட்டுக்காரர் குடும்பத்துல அவங்க பூட்டனார் தலைப்பாகையோட நிக்கற போட்டோவைக் கொண்டாந்து நடுவுல மாட்டிடுவாங்க. எங்க பக்கம் மாட்ட ஒண்ணும் கிடையாது.

ஆனா எங்கப்பா இருந்தவரைக்கும் ஒரு பெருமை பேசுவாரு. "எங்க பாட்டன் நாச்சிமுத்து ஐகோர்ட்டு வரைக்கும் போயி கேசு ஜெயிச்சவராக்கும்!"

அந்தத் தீர்ப்பைத் தேடிப் புடிச்சு, பிரேம் போட்டு, சபையில எங்கண்ணன் கையில குடுக்கணும்னு எனக்கு ஆசை. அண்ணன்தான் தாய்மாமன். அவர் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்து. அதனால அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியக் கூடாது. சர்ப்ரைஸ்! என் அறிவை நீங்களே மெச்சிக்கோங்க.

பழைய கேசைத் தேடணும்னா தோட்டத்து விவரம் வேணும். காலையில அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்ணா, நம்ம தோட்டத்துப் பழைய பத்திரம் உங்ககிட்டத்தானே இருக்குது? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்ணா."

"எதுக்கு அம்மணி?"

"சும்மாதானுங்ணா."

அந்தப் பக்கம் ஓடிட்டிருந்த மோட்டாரை அண்ணன் நிறுத்தினாரு.

"மாப்பிள்ளை கேக்கச் சொன்னாரா?"

"அட, அவருக்குத் தெரியவே தெரியாதுங்ணா!"

நல்லா விளக்கிட்டோம்னு நிம்மதியா சூலூர்ல பஸ் ஏறிட்டேன். போட்டோ மட்டும் வரவே இல்லை.

கோர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கற சட்ட நூலகம். நூலகர் கண்ணாடிக்கு மேல பார்த்தாரு.

"வக்கீலுங்களா?"

"இல்லீங்க."

"கேசு போட்டவரா?"

"இல்லீங்க. போட்டவரோட கொள்ளுப்பேத்தி."

"எதிர்த்தரப்பு?"

"அவங்களும் செத்துட்டாங்க."

பாவம்னு நெனச்சாரோ என்னவோ, பழைய தீர்ப்புத் தொகுப்புகளைக் காட்டி உக்கார வெச்சாரு. தூசியில ஒரு தும்மல் போட்டுட்டு பெயர்ப் பட்டியலைப் பிரிச்சேன். எங்க பார்த்தாலும் நாச்சிமுத்து! கடன் குடுத்த நாச்சிமுத்து, கெணத்தை மறிச்ச நாச்சிமுத்து. ஒரு எடத்துல நாச்சிமுத்து எதிர் நாச்சிமுத்து. கொங்கு நாட்டுல அந்தக் காலத்துல வேற பேரே வெக்கலையாட்ட இருக்குது.

எதிர் பெஞ்சுல ஒரு வக்கீலம்மா. அவங்களா பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"எத்தனை ஏக்கர் கண்ணு?"

"ஏக்கரெல்லாம் இல்லீங்க. பூட்டனைத் தேடறேன்."

"கூடப் பொறந்தவன் குடுக்க மாட்டேங்கறானா? பொம்பளப் புள்ளைக்கும் சம பங்கு உண்டு. தைரியமா இரு."

"எங்களுக்குள்ள சண்டையே இல்லீங்க!"

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" அப்படின்னு என் முதுகைத் தடவிக் குடுத்து, கார்டையும் கையில திணிச்சாங்க.

அந்த நேரம் பார்த்துத்தானா எங்க ஊர்க்காரர் ஒருத்தர் வரணும்! அவர் தன் கேசு விஷயமா வந்தவரு. தடித்தடி சட்டப் புத்தகம், பக்கத்துல வக்கீலு, நடுவுல நானு. அப்படியே நின்னுட்டாரு.

"ஏனுங்க அம்மணி, நீங்க எங்கீங்க இங்க?"

"சும்மாதானுங்க!"

அவர் போனை எடுத்துட்டு வெளிய போனதை நான் கண்டுக்கவே இல்லை. ஏன்னா எங்க ஊர் பேரோட எங்க நாச்சிமுத்து அப்பத்தான் சிக்கினாரு! வேலி ஓரத்துப் புளியமரம் யாருதுங்கற கேசு. படபடன்னு கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

தோத்துட்டாரு. தோத்ததும் இல்லாம, இத்துனூண்டு விஷயத்துக்கு இத்தனை கோர்ட்டு ஏறணுமான்னு ஜட்ஜு வேற திட்டியிருக்காரு.

இதையா பிரேம் போடறது? இருந்தாலும் வந்த வேலையாச்சேன்னு ஜெராக்ஸ் எடுத்துட்டு வெளிய வந்தேன். போனைப் பார்த்தா குடும்பக் குரூப்பை விட்டு அண்ணன் வெளியேறியிருந்தாரு. அதுக்குள்ள பெரியம்மா கூப்பிட்டாங்க. "ஏங் கண்ணு, வாயைத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டானா? கோர்ட்டுக்கா போவே?"

அடுத்து எங்க நங்கையா, அதான் அண்ணன் சம்சாரம். "உங்கண்ணன் சோறு திங்கலீங்க. ஞாயித்துக்கெழமை மடி குடுக்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிப்போட்டாருங்க."

எனக்கு இருக்கறது ஒரே அண்ணன். வேற ஆளுக்கு எங்க போவேன்? பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதேன்.

நேரா தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் கட்டில்ல பத்திரத்தையெல்லாம் பரப்பி வெச்சுட்டு உக்காந்திருந்தாரு.

"எடுத்துக்க அம்மணி. தோட்டத்தை எடுத்துக்க. கெணத்தை எடுத்துக்க. அந்த மாட்டையும் ஓட்டிட்டுப் போ. ஆனா சும்மான்னு சொன்னே பாரு, அதுதான் என்னால தாங்க முடியல!"

சர்ப்ரைஸாவது ஒண்ணாவது! அழுதுட்டே ஜெராக்ஸை நீட்டி எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லச் சொல்ல அவர் மூஞ்சி மாறுச்சு.

"தோத்தாரா? ஜெயிச்சாருன்னு அப்பா சொன்னாரே?"

"தோத்துட்டாருங்ணா. திட்டும் வாங்கியிருக்காரு."

அண்ணன் எந்திரிச்சு வேலி ஓரம் போயி, இப்பவும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் காய்ச்சுக் கொட்டற அந்தப் புளியமரத்தை முறைச்சுட்டு நின்னாரு. திரும்பி வந்து கேட்டாரு: "அந்த வக்கீலம்மா கார்டு வெச்சிருக்கியா?"

ஞாயித்துக்கிழமை அண்ணன் மடியிலதான் காது குத்து நடந்துச்சு. பிரேமும் மாட்டினோம். பூராவும் இங்கிலீஷ், பொடி எழுத்து. வீட்டுக்காரர் குடும்பத்துல ஐகோர்ட்டுங்கற வரைக்கும் படிச்சுட்டு மரியாதையா நகர்ந்துட்டாங்க. பொண்ணு வீல்னு கத்தறப்ப அண்ணன் என் காதுல கேட்டாரு, "இதுக்கு மேல அப்பீலு போக முடியுமா அம்மணி?"

இந்த வியாழக்கிழமை பெரியம்மா போன் பண்ணாங்க. "கண்ணு, உங்கண்ணன் கோர்ட்டு லைப்ரரியில உக்காந்திருக்கானாமா. எதுக்கு?"

"சும்மாதானுங்க பெரிம்மா."

பெரியம்மா குரலைத் தாழ்த்திட்டாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டாங்க.

"எத்தனை ஏக்கர் கண்ணு?"