ஐம்பது வரிசை முகம்

“அந்த வாரப் பத்திரிகையைப் பாத்தீங்களா?” என்று சுந்தரவல்லி மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

“எந்தப் பத்திரிகை?” என்றார் அவள் கணவர் துரைராஜ், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. அதைப் பழைய பேப்பர்க்காரனிடம் அவர் தள்ளிவிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

“அட்டையில அவர் படம் இருந்துச்சே.”

“சினிமாக்காரன் எப்போ ‘அவர்’ ஆனான்?”

“ஒரு மரியாதைதான்.”

பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவையே கட்டி மேய்க்கும் துரைராஜுக்கு, பதினோரு வருஷத்தில் அந்த மரியாதை வீட்டில் கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

வினை கப்பலில் வந்தது. கப்பல் வேலையில் இருந்த மைத்துனர் வெள்ளைத்துரை, ஜெர்மனியிலிருந்து தங்கைக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே முளைமுளையாக நிற்கும் ஒரு பலகை; மிளகளவு துளை மணிகள், பிளாஸ்டிக்கில், பல நிறத்தில். முளைக்கு ஒன்றாகச் செருகிப் படம் அமைத்து, மேலே தாளை விரித்து இஸ்திரி போட்டால், எல்லாம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கிளியோ தாமரையோ செய்வாள் என்று துரைராஜ் எதிர்பார்த்தார். அவளோ அட்டைப்பட நடிகரின் முகத்துக்குக் கட்டம் போட்டு, ஐம்பது வரிசை, வரிசைக்கு ஐம்பது மணி என்று உட்கார்ந்துவிட்டாள். ரசத்தில் உப்பில்லை என்றால், “இருங்க, அவர் புருவம் முடியட்டும்” என்று பதில் வந்தது.

இப்போது பத்திரிகை தொலைந்தும் அவள் அசரவில்லை.

“போனாப் போவுது. முகம்தான் மனசுல பதிஞ்சு கிடக்கே.”

துரைராஜுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை அவள் பால் டிப்போவுக்குப் போன பத்து நிமிஷத்தில், பலகைமேல் மூக்கு உரசக் கவிழ்ந்தார். நடிகரின் முன்முடியில் மூன்று வரிசை கறுப்பைப் பிடுங்கிவிட்டு, தோல் நிறத்தைச் செருகினார். முடி கொட்டிய கதாநாயகனை எவள் சீண்டுவாள்?

சுந்தரவல்லி பால் பாட்டிலோடு நின்று பார்த்தாள். “நான்தான் கை மறதியா வச்சிட்டேனோ என்னவோ. ஆனா இப்பத்தான் ஒரு களை வந்திருக்கு.”

அடுத்த நாள் மூக்கை இரண்டு பக்கமும் அகலமாக்கினார்.

“மூக்கு எடுப்பா அமைஞ்சிருச்சுங்க” என்றாள்.

மூன்றாம் நாள் காதுகளை வெளியே இழுத்துவிட்டு, தாடைக்குக் கீழே இன்னொரு தாடையும் வைத்தார். அன்று அவள் படத்தைப் பார்த்து, யாருக்கும் காட்டாமல் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைக் கல்யாணமான புதிதில்தான் அவர் பார்த்திருந்தார்.

“இதை அடுப்படியில மாட்ட வேண்டாம்” என்றாள். “கூடத்துல, உங்க நாற்காலிக்கு எதிர்க்க மாட்டிருவோம்.”

இனி ஆயுள் முழுக்க அவன் முகத்தில் விழித்துத்தான் காப்பி குடிக்க வேண்டும். துரைராஜ் நேரே தெருமுனைக்குப் போனார். அங்கே தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் முருகையனைத்தான் சுந்தரவல்லி படத்துக்கு இஸ்திரி போடச் சொல்லியிருந்தாள்.

“முருகையா, கரி நிறையப் போட்டு, நல்லா சூடேத்தி அழுத்து.”

“பிளாஸ்டிக்னு அம்மா சொல்லிச்சே சார். அல்லாம் உருகிப் பூடும்.”

“உருகட்டும். அம்மாகிட்ட மூச்சு விடாதே.”

ஞாயிற்றுக்கிழமை முருகையன் கனன்ற பெட்டியோடு வந்தான். கூடத்தின் நடுவே ஜமுக்காளத்தை மடித்து, சுந்தரவல்லி அதன்மேல் பலகையை வைத்திருந்தாள். துரைராஜ் தம் நாற்காலியில், செய்தித்தாளுக்குப் பின்னால் சந்தோஷத்தை ஒளித்துக்கொண்டு காத்திருந்தார்.

முருகையன் வாசற்படியில் நின்றபடியே படத்தைப் பார்த்தான். செய்தித்தாளைத் தாழ்த்தி எட்டிப் பார்த்த துரைராஜைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்:

“ஏன் சார், உன் மூஞ்சிய எதுக்கு சார் நீயே உருக்கச் சொன்னே?”