தேசியத் திட்டத்தில் எங்கள் வேலி

அன்புள்ள தம்பி கதிரவேலுவுக்கு,

இணுவிலில் நானும் உன் அண்ணியும் முருகன் புண்ணியத்தில் நலம். கனடாக் குளிருக்குள் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் படுத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வென்றுவிட்டேன், தம்பி! விண்வெளிக்கு அனுப்பும் றோபோக்களுக்கென்று கொழும்பில் ஒரு தேசியத் திட்டம் எழுதுகிறார்கள். செவ்வாய்க் கிரகத்தில் ஓடப்போகும் வண்டியை முதலில் ஓட்டிப் பார்க்க இருநூறு அடி நீளத்தில் செம்மண் காணி வேண்டுமென்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தைவிடச் சிவந்த மண் செவ்வாயிலும் கிடையாது. நீளம்தான் நூற்றறுபது அடி. கிணற்றைச் சுற்றி ஓடினால் கணக்குச் சரிவரும் என்று இருநூறு என்றே எழுதிப் போட்டேன். முப்பது வருடம் ஊரார் காணிகளை அளந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

போன புதன்கிழமை பிரதீபா என்ற பொறியியலாளர், ஆட்டுக்குட்டி அளவில் ஆறு சில்லு வண்டியொன்றோடு வந்து இறங்கினார். "ஐயா, ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. தானே வழி கண்டுபிடிச்சு இருநூறு அடி போனால்தான் உங்கடை காணி திட்டத்திலை வரும்" என்றார். ஊரே கூடிவிட்டது. எல்லைச் சண்டையால் பதினொரு வருடமாக என்னோடு முகம்கொடாத பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளையும் கதிரையில் ஏறி நின்று வேலிக்கு மேலால் பார்த்தார். வண்டி புறப்பட்டது. கிணற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய் வேலியில் முட்டி நின்றது. ஆழ்வாப்பிள்ளை சிரித்தார், என் மானம் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு அது மெல்லத் திரும்பி, வேலியோரமாக ஊர்ந்து, வாழைகளுக்குப் பின்னால், ஆள் குனிந்து போகுமளவுக்கு வேலியைப் பிரித்து வைத்திருந்த, நான் கண்டேயிராத ஒரு பொட்டுக்குள் நுழைந்து, அவருடைய முற்றத்தைக் கடந்து, அடுப்புக்கு நேரே குசினி வாசலில் போய் நின்றது. இருநூற்றைந்து அடி!

"என்ன சோமசேகரம், உன்ரை சாமான் என்ரை குசினி வாசலிலை நிக்குது!" பதினொரு வருடத்தில் அவர் என்னோடு கதைத்த முதல் வசனம்.

பிரதீபா துள்ளினார். "ஐயா, ஆரோ நெடுக நடந்து தேய்ஞ்ச தடத்தைப் பாத்துத்தான் போயிருக்கு. இப்பிடி ஒரு இடத்தைத்தான் தேடினனாங்கள்!"

எனக்கு இரட்டை வெற்றி. எங்கள் காணி திட்டத்தில் ஏறிவிட்டது. அதோடு, ஆழ்வாப்பிள்ளை இத்தனை காலமும் களவாக என் காணிக்குள் வந்துபோனதற்கு விஞ்ஞானமே சாட்சி! மத்தியஸ்த சபைக்கு மனு எழுதி, பத்மாவதிக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷத்தில் உடனே கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள். உன் அண்ணியின் கைப்பக்குவம் உனக்குத் தெரியாததா!

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் செவ்வாய்க்குப் போனாலும் இணுவில் வழியாகவே போகட்டும்.

இப்படிக்கு,
திட்டத்தில் ஏறிய காணிக்காரன்,
உன் அண்ணன் சோமசேகரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், வண்டி எடுத்த படங்களைப் பிரதீபா அனுப்பினார். ஆழ்வாப்பிள்ளை வீட்டு அடுப்பில் பொரிச்ச குழம்பு கொதிக்கிறது. பக்கத்தில் காத்திருப்பது, என் கலியாணத்துக்கு நீ பெயர் வெட்டித் தந்த எவர்சில்வர் சட்டி. பத்மாவதியைக் கேட்டேன். "ஓம், ஆழ்வாப்பிள்ளையின்ரை மனிசி வைக்கிற குழம்புதான். கோவம் உங்கள் ரெண்டு பேருக்குந்தானே?" என்றாள். மனுவைக் கிழித்துவிட்டேன். பொட்டை அடைக்கவும் முடியாது, அதுவும் தேசியத் திட்டத்தில் ஏறிவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சமையல்தான். நானே குனிந்து போய்ச் சட்டியை வாங்கிவரலாம் என்றிருக்கிறேன்.