முப்பத்தொரு கூடு

பிரகாசம் வாத்தியார் தூங்குமூஞ்சி மரத்தின் இடுப்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. வாளித் தண்ணீர் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. மரத்தில் அடித்திருந்த சுண்ணாம்புப் பட்டை மட்டும் போவேனா என்று அடம்பிடித்தது.

இது மூன்றாவது மரம். இன்னும் இரண்டு பாக்கி. எவனாவது பார்த்துத் தொலைத்தால் வாத்தியார் வேலையோடு மானமும் போகும். மேலே கூட்டில் இருந்த வக்காக் கொக்குக்கு அதெல்லாம் தெரியுமா? அவர் தோளில் எச்சம் போட்டது.

அடையாற்றுப் பாலத்துக்குப் போகிற சாலை வளையும் இடத்தில், சாலையை ஒட்டி நிற்பவை அந்த ஐந்து மரங்கள். வருஷா வருஷம் வக்காக்களும் மடையான்களும் அங்கேதான் கூடு கட்டும். சாந்தோம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டரான பிரகாசத்துக்கு அவை என்றால் உயிர். எந்தக் கிளையில் எத்தனை குஞ்சு என்று நோட்டில் படம் போட்டே வைத்திருப்பார்.

அந்த வருஷம், 1942, ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது அவரும் மாமனார் ஊரான திருச்சிக்கு ஓடினார். அங்கே ஒரு நாள் பக்கத்து மாந்தோப்பில் மரத்துக்கு மரம் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மறு வாரம் தோப்பே இல்லை, அத்தனையும் விறகு. அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த மனுஷன் அவர்.

டிசம்பரில் பட்டணம் திரும்பியதும் முதல் வேலையாகக் கூடுகளைப் பார்க்கப் போனார். முப்பத்தொரு கூடு, வாயைப் பிளந்துகொண்டு குஞ்சுகள், கீழே ஐந்து மரத்திலும் சுண்ணாம்புப் பட்டை! மாந்தோப்புக்கு வந்த கதிதான் இதற்கும் என்று மனுஷன் வீட்டுக்கு ஓடினார்.

வீட்டில் அல்போன்சா ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். இருட்டிய பின் விளக்கு வெளிச்சம் வெளியே தெரிந்தால் இருட்டடிப்பைக் கவனிக்கிற வார்டன் வந்து கத்துவான்.

"அல்போன்சா, மரத்தை வெட்டப்போறாங்க. குஞ்சுங்க பறக்க இன்னும் மூணு வாரம் ஆகும். கிறிஸ்துமஸ் வரைக்கும் தள்ளிட்டா போதும்."

"வீட்டுல எத்தனை படி அரிசி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. கொக்குக் கூடு எத்தனைன்னு மட்டும் தெரியும். குஞ்சுங்களுக்கு ஞானஸ்நானமும் குடுத்துட்டீங்களா?"

"விளையாடாதே!"

"அப்ப யாரையாவது போய்க் கேளுங்களேன்."

"கேக்கறதா? அது சர்க்கார் போட்ட அடையாளம். தந்திக் கம்பியை அறுத்தான்னு ஊரெல்லாம் புடிச்சு உள்ள போடற நேரம். இன்னிக்குப் போய்க் கேட்டு வெச்சா, நாளைக்கு அடையாளம் அழியறப்ப முதல்ல என் கழுத்தைத்தான் பிடிப்பான்."

ஆக, யாரையும் கேட்காமல் தேங்காய் நாரை எடுத்தார் வாத்தியார்.

மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஐந்து மரத்திலும் புதுச் சுண்ணாம்பு. முன்பு ஒரு முழம் இருந்தது, இப்போது இரண்டு முழம். ஆற்றுச் சேற்றை அள்ளி அப்பினார். அன்றைக்கென்று மழை வந்து சேற்றைக் கழுவிவிட்டது. அதற்கடுத்த நாள் ஒருவன் வாளியும் மட்டையுமாக நின்று ஆள் உயரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தான். வாத்தியார் நோட்டை விரித்துப் படம் போடுகிற பாவனையில் பக்கத்தில் போய் நின்றார்.

"உன் பேர் என்னப்பா?"

"அம்மாசி, சார். ஆத்தோரக் குப்பம். இந்த மரத்தால பெரிய பேஜாரா கீது சார். அடிக்க அடிக்க எவனோ தேய்ச்சுட்டுப் போறான். மேஸ்திரி என் சீட்டைக் கிழிச்சுடுவேன்னு குதிக்கிறாரு."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. நாலு பிள்ளை பெற்றவன் போலிருக்கிறான், இவன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமே! ஆனால் தலைக்கு மேல் குஞ்சுகள் கத்தின.

"மழையில போயிருக்கும்ப்பா."

"மழை எங்கயாவது தேங்கா நாரைப் போட்டுட்டுப் போவுமா சார்? இந்தத் தபா வஜ்ஜிரப் பசை கலந்துகினு வந்துக்கீறேன். சொரண்டினாலும் வராது. அமாவாசைக்குள்ள இந்த வேலை முடிஞ்சாவணுமாம்."

அமாவாசை! இன்னும் இரண்டே நாள். அதற்குப் பிறகு கோடாலிதான் என்று வாத்தியார் தானே முடிவு கட்டிக்கொண்டார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பறக்கத் தெரியாத குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுவது கண்ணிலேயே நின்றது.

அமாவாசையன்று இருட்டுகிற நேரத்தில், கூரை ஒழுகுகிறது என்று பொய் சொல்லி வாங்கிய ஒரு டின் தாரோடு கிளம்பினார். தார் மேல் எவன் சுண்ணாம்பு அடிப்பான்? அடி முதல் ஆள் உயரம் வரை பூசித் தள்ளினார். ஐந்து மரமும் கன்னங்கரேலென்று ஆயின. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

காலையில் பூசை முடிந்து நேரே அங்கே போனார். இரண்டு மரம் ஏற்கெனவே தரையில் கிடந்தது. மூன்றாவதில் கோடாலி விழுந்துகொண்டிருந்தது. சிப்பாய்கள் சாலையை மறித்து நின்றார்கள். இலைக்குப்பைக்குள் குஞ்சுகள் துடித்தன. குப்பத்துப் பெண்கள் குழம்புக்காக அவற்றைக் கூடையில் பொறுக்கினார்கள். பெரிய வக்காக்கள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின.

வாத்தியார் ஒரு குஞ்சை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்தார். அதுவும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. அவர் விக்கி விக்கி அழுதார். பெற்ற தகப்பன் செத்தபோதுகூட அப்படி அழாதவர்.

சற்றுத் தள்ளி அம்மாசி காலி வாளியோடு குந்தியிருந்தான். காலையிலேயே அவன் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அவனைக் கண்டதும் வாத்தியாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடப்பாவி! எல்லாம் உன்னாலதான்! வெட்டறதுக்கு அடையாளம் போட்டவன் நீதானே!"

அம்மாசி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"வெட்டறதுக்கா? இன்னா சார் நீ, வெளக்கில்லாத ரோட்ல வர்ற வண்டி மரத்தைப் பார்த்து ஒதுங்கிப் போவட்டும்னு அடிச்ச வெள்ளை சார் அது. நேத்து எவனோ தாரைப் பூசித் தொலைச்சான், பட்டாளத்து லாரி வந்து மோதி டிரைவருக்கு ரெண்டு காலும் போச்சு, அதனாலதான் அஞ்சையும் வெட்டச் சொல்லி ராவோட ராவா ஆர்டர் வந்துச்சு!"