ஓடாத காரின் உறுமல்

மூன்று பேரை நடுத் தண்டவாளத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது, போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியையாக இருந்த ரேவதியை எனக்குப் பிடித்திருந்தது. அதிசயமாக, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. குறுக்கே நின்றவர் அவள் அப்பா சின்னத்துரை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரயில்வே பட்டறையில் எஞ்சின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே சொந்தக்காரனின் குணத்தைச் சொல்லிவிடுவார் என்று ரேவதி பெருமைப்படுவாள். என் பழைய காரின் சத்தத்தையும் அவர் கேட்டிருந்தார். "தகர டப்பாவுக்குள்ளை கல்லைப் போட்டு ஆட்டிற மாதிரி இருக்கு. காரையே இப்பிடி வச்சிருக்கிறவன் பொஞ்சாதியை எப்பிடி வச்சிருப்பான்?" என்றாராம்.

ஆனாலும் மகள் அழுது அடம்பிடித்ததில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரிலேயே கிள்ளானுக்கு வந்து என் பெற்றோரைப் பார்க்கச் சம்மதித்தார். அவருக்குப் பிடித்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. புத்தியுள்ளவன் எஞ்சினைச் சரிசெய்திருப்பான். நான் சத்தத்தைச் சரிசெய்தேன்.

யோசனை, சுங்கை வேயில் கார் பட்டறையில் இருந்த என் கூட்டாளி மணியத்துடையது. "உன் எஞ்சின் சத்தம் உள்ள வரக்கூடாது. நல்ல எஞ்சின் சத்தம் உள்ள கேக்கணும். அவ்வளவுதான் லா!"

பந்திங் பக்கம் எஸ்டேட்டில் இருந்த மாமாவிடம் ரப்பர் ஷீட்டுகளை வாங்கி வந்து கதவுக்குள், காலடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால் என்று இண்டு இடுக்கெல்லாம் திணித்தோம். (புகை போட்ட ரப்பர் வெயிலில் எப்படி நாறும் என்பது எஸ்டேட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். காதல் மூக்கையும் அடைத்துவிட்டது.) பிறகு, பட்டறைக்கு வந்த ஒரு தவுக்கேயின், அதாவது பணக்காரச் சீன முதலாளியின், ஜெர்மன் காருக்குள் டேப் ரெக்கார்டரை வைத்து அதன் உறுமலை மணியம் கேசட்டில் பிடித்துக் கொடுத்தான். ஸ்பீக்கரை டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்தோம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு என் முழங்காலுக்குப் பக்கத்தில். வண்டி நின்றால் குறைக்க வேண்டும், கிளம்பினால் கூட்ட வேண்டும்.

அந்த ஞாயிறு சின்னத்துரை அங்கிள் முன்னால் உட்கார்ந்தார், ரேவதி பின்னால். ஏர்கான் கிடையாது. "தூசி, அங்கிள்" என்று சொல்லிக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டேன். மூவரும் வேர்வையில் குளித்தோம். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மணம் இது?"

"புது கார்ப்பெட், அங்கிள்."

சிறிது நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "எஞ்சின் இப்ப திறமா இருக்கு தம்பி. ஆரிட்டைக் குடுத்துச் செய்தனீர்?"

பின்னால் ரேவதி சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு அப்போதே தாலி கட்டி முடித்த மாதிரி இருந்தது.

கிள்ளானுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரயில்வே கேட். திறந்துதான் இருந்தது. தண்டவாளத்தின் மேல் ஏறியதும் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. கேசட் நிற்கவில்லை. ஜெர்மன் கார் ஏதோ மேட்டில் ஏறுவதுபோல் இன்னும் கம்பீரமாக உறுமியது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். அசையவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் செத்துவிட்டது.

"எஞ்சின் சோக்கா ஓடுது" என்றார் அங்கிள். "கிளட்ச்சிலைதான் பிழை. கியரை மாத்தும்."

சாவியைத் திருப்பினால் ஓடுகிற எஞ்சினை எதற்கு ஸ்டார்ட் செய்கிறாய் என்று கேட்பார். அதனால், வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் கியரை மாற்றினேன். ஒன்று. இரண்டு. மறுபடி ஒன்று.

வெளியே கேட்காரர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். வாய் அகலத் திறந்து மூடியது, சத்தம் மட்டும் வரவில்லை. ரேவதி பயந்துபோய்க் கண்ணாடியை இறக்கினாள். மணி அடிக்கும் சத்தமும் "கெலுவார்! கெலுவார்!" என்று எங்களை வெளியே வரச் சொல்லும் கூச்சலும், தூரத்தில் ரயிலின் ஊதலும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன.

"இறங்கு பிள்ளை!" என்று அங்கிள் கத்தினார்.

"கதவு தொறக்க மாட்டேங்குதுப்பா!"

அவள் பக்கத்துக் கதவுக்குள் திணித்த ரப்பர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. ரயிலின் முகம் வளைவில் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அங்கிள், எஞ்சின் செத்துப் போச்சு! இது கேசட்டு!"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நியூட்ரலிலை போடும்!" என்று சொல்லிக்கொண்டே வெளியே பாய்ந்தார். அவரும் கேட்காரரும் பின்னால் தள்ள, நானும் இறங்கி ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கதவோரம் தோளைக் கொடுத்தேன். ரேவதி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். கார் தண்டவாளத்தைத் தாண்டி உருண்டதும் ரயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் போனது. அந்தக் காற்றில் என் சட்டை படபடத்தது இன்னும் நினைவிருக்கிறது.

ரயில் போன பிறகும் கார் உறுமிக்கொண்டே இருந்தது. திடீரென்று அதற்குள்ளிருந்து மணியத்தின் குரல் கேட்டது: "டேய், தவுக்கே வராரு! ஆஃப் பண்ணு லா!" பிறகு ஒரு 'டக்'. (கேசட்டைக் கடைசிவரை கேட்டுப் பார்க்க எனக்கு நேரமில்லை.)

யாரும் சிரிக்கவில்லை. அங்கிள் வெளியிலிருந்து கதவை இழுத்துத் திறந்து மகளை இறக்கினார்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சதை நீர் கண்டனீர்" என்றார் மெதுவாக. "என்ர பிள்ளை பின்னாலை இருந்தவள், தம்பி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார்கள். நான் அந்தக் காரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு வருடத்துக்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. கடைசியில் ரேவதியின் பிடிவாதம் ஜெயித்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நிச்சயதார்த்தத்தில் இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்கள் முன்னாலும் நடந்ததை என் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஓரிடத்தை நைசாகத் தாண்டப் பார்த்தபோது முன்வரிசையிலிருந்து குரல் வந்தது: "கியர் மாத்தினதையும் சொல்லும்."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்றால், எஞ்சின் ஓடுதா கேசட் ஓடுதா என்று ஒரு குரல் கேட்காமல் இருக்காது. போன வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல, சும்மா வாயுதான்" என்றேன். ரேவதி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு அதையே கேட்டாள்.

"கேசட்" என்றேன், உடனே.