பிளாப்பி கிராணி முடுக்கிய ஆணி

பிள்ளைகளே, கேமரன் மலையிலேயே குளிருக்குக் குல்லா போட்ட ஒரே கம்ப்யூட்டர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபிசில்தான் இருந்தது. குல்லாவைப் போட்டுவிட்டவர் கணக்கெழுதும் ஆபிஸ் கிராணி. நாங்கள் வைத்த பெயர் பிளாப்பி கிராணி.

பிளாப்பி என்பது ரொட்டித் துண்டளவு சதுரத் தட்டு. கம்ப்யூட்டரின் வாயில் செருகினால், உள்ளே ஒரு சின்ன ஊசி நகர்ந்து நகர்ந்து அதில் எழுதும், எழுதியதைப் படிக்கும். ‘கர்ர்... டக்... கர்ர்...’ என்று சத்தம் வரும். உடனே கிராணி உதட்டில் விரல் வைப்பார்.

“ஸ்ஸ்! மெதுவா பேசுங்கலா. அது படிச்சிக்கிட்டு இருக்கு!”

மலைப் பனியில் தட்டுகளுக்குப் பூஞ்சை பிடிக்கும். இலை வாட்டும் மாடியில் சூடான காற்று வரும் அல்லவா, அங்கே கொடி கட்டிக் காயப்போடுவார். நான் வேலை பார்த்தது அந்த மாடியில்தான். “தம்பி, என் புள்ளைங்கள பாத்துக்க” என்பார். பூஞ்சை முற்றினால் அதே கம்ப்யூட்டரில் புதுத் தட்டுக்கு நகல் எடுத்துவிடுவார்.

தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “இல நிறுக்கிற கணக்கு இதுலதான் ஓடுது. இன்னொரு தடவ நின்னுச்சு, பழைய இரும்பு லோரியில ஏத்திருவேன்” என்றார். அன்றைக்குக் கிராணி தேநீர்கூடக் குடிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தராசு, லோரி, உலர்த்தும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். கிராணி பொட்டோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, ஊசியைத் துடைத்து, உள்ளே ஆடிக்கொண்டிருந்த ஆணி ஒன்றை இறுக்க முடுக்கிக் கற்பூரம் காட்டினார்.

மறுநாள் இலை லோரிகள் நிறுவைக்கு வந்து நின்றன. கம்ப்யூட்டர் ‘கர்ர்’ என்றது. ‘டக்’ வரவே இல்லை. எந்தத் தட்டைப் போட்டாலும் அதே கதை.

“கிராணி! இல சூடாகிக் கெடுது, துரை வந்துக்கிட்டு இருக்காரு!” என்று லோரி டிரைவர் கத்தினான்.

நான் மாடியிலிருந்து ஆபிசுக்கு ஓடினேன். கிராணி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில்!

“நேத்து என்னத்தய்யா தொட்டீங்க?”

“தம்பி, அந்த ஆணி ஆடி ஆடி ஊசி கோணலா நின்னுச்சு. கோணலாவே எழுதுச்சு, கோணலாவே படிச்சுச்சு. நான் பாவி நேராக்கிட்டேன், இப்ப பழைய கோணல் எழுத்து அதுக்குப் புரியல!”

“அப்ப பழையபடி தளத்துங்கலா!”

“பூச போட்ட ஆணி தம்பி...”

“சாமி கோச்சுக்காதுய்யா. துரைதான் கோச்சுக்குவாரு!”

கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்புளியை எடுத்தார். பெட்டிமேல் காதை வைத்து ஆணியைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்த்தினார். அதற்குள் துரை வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்ன நடக்குது இங்க?”

“ஸ்ஸ்!” என்றார் கிராணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கர்ர்... கர்ர்... டக்!

திரையில் எழுத்து வந்தது. லோரிகள் நகர்ந்தன. துரை திரையை எட்டிப் பார்த்துவிட்டு நிறுவைப் பக்கம் போனார். பெட்டியும் ஆபிசிலேயே தங்கியது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கிராணி சாப்பிடப் போன நேரம் பார்த்து ஆபிசுக்குள் நுழைந்தேன். இழுப்பறையில் கிடந்த திருப்புளிகளை எல்லாம் என் பையில் போட்டுக்கொண்டேன். சந்தனக் கிண்ணத்தை மட்டும் அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.