அஸ்திவாரத்தில் விளைந்த உப்பு

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. மரக்காணம் கடைத்தெருவில் பழைய கார் டைனமோ ஒன்று வாங்கி வருவது.

2006, தை மாதம். டீசல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் உப்பளத்தில் கால்வாயிலிருந்து பாத்திக்கு உப்புத்தண்ணீர் இறைப்பது டீசல் இன்ஜின்தான். கூட்டாக நாலு பேர் எடுத்த உப்பளம். சீசன் கணக்குப் பேச உட்கார்ந்தபோது, வழக்கமாக வாயே திறக்காத நான் திறந்துவிட்டேன்.

"காத்துலேர்ந்து கரண்ட் எடுக்கலாம். முதல்ல பல்பு, அப்புறம் மோட்டார். முதல் உப்பு வாருற அன்னிக்கு கொட்டகையில பல்பு எரியும்!"

கூட்டாளிகளில் ஒருவன் ஏழுமலை, என் மனைவியின் தம்பி. "எரியலன்னா இன்னா மாமா?"

"இந்த சீசன் டீசல் பூரா என் பொறுப்பு!"

கூச்சக்காரன் பேசினால் இப்படித்தான். நிறுத்தத் தெரியாது.

என் திட்டம் சுத்தமானது. ஒரு டைனமோ, ஒரு சவுக்குக் கழி, தகரத்தில் நாலு இறக்கை, அரை மூட்டை சிமெண்ட். டீ செலவைக்கூட விடாமல் கணக்குப் போட்டிருந்தேன்.

டைனமோவை வீட்டுக்குக் கொண்டு வந்து பார்த்தால், உள்ளே செம்புக்கம்பி காயில் கருகல்!

கூனிமேட்டில் காயில் கட்டும் பாயிடம் கொடுத்தேன். "நாளைக்கு வாங்க பெரியவரே" என்றார். போனேன். "நாளைக்கு வாங்க பெரியவரே." மறுபடியும் போனேன். அவருக்கு அது நாள் கணக்கே இல்லை, வணக்கம் சொல்வது மாதிரி!

பஸ் காசு என் திட்டத்தில் இல்லை.

அதற்குள் சவுக்குக் கழி இறக்கையின் கனம் தாங்காமல் வில்லாக வளைந்தது. சரி, இரும்பு பைப். பைப்புக்கு அரை மூட்டை போதுமா? இரண்டு மூட்டை. சிமெண்ட் குழைக்கத் தண்ணீர்?

"கால்வாயில இருக்குதே மாமா. தண்ணி தண்ணிதானே!" என்றான் ஏழுமலை.

நானும் தலையாட்டினேன். அந்தத் தண்ணீரில் உப்பு எடுத்தே பிழைக்கிற நான்!

ரெண்டு மூணு நாள் நல்ல வெயில். போய்ப் பார்த்தால், பைப்புக்காகப் போட்ட சிமெண்ட் மேடை முழுக்க வெள்ளை. சுரண்டி நாக்கில் வைத்தேன். முதல் தரம்!

என் மனைவி தனலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாங்க இது, பாத்தியில இன்னும் விளையல, அஸ்திவாரத்துல விளைஞ்சிடுச்சு! வாரிடலாமா?"

பைப்பை நிமிர்த்தியதும் மேடை பொரிமாவு மாதிரி உதிர்ந்தது. திரும்பவும் சிமெண்ட். இந்தத் தடவை டிரம்மில் நல்ல தண்ணீர், அதற்கு ஒரு வண்டி வாடகை. செலவு இரண்டு மடங்கு ஆகும் வரை மனசில் கூட்டினேன். அதற்கு மேல் கூட்டவில்லை. தூக்கம் வேண்டுமே!

பாயிடமிருந்து டைனமோவும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஒரு மத்தியானம் இறக்கை சுற்றியது. பாருங்கள், என்ன சுற்று! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பங்குனியில் உப்பு விளைந்தது. முதல் உப்பு வாரும் நாள், விடிவதற்கு முன்பே தேங்காய், கற்பூரம். பூஜை முடிந்து எல்லோரும் கொட்டகையில் பல்பையே பார்த்தபடி நின்றார்கள்.

காற்று இல்லை. பொட்டுக் காற்று இல்லை!

எங்கள் பக்கம் கடல்காற்று ஏறுவது மத்தியானத்துக்கு மேல். நான் சோதனை போட்டதெல்லாம் மத்தியானம். உப்பு வாருவது விடியற்காலை!

"மாமா, எல்லாரும் சேந்து ஊதலாமா?"

உப்பு வார வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இருப்பா" என்றேன். கண்ணில் பட்டது இன்ஜின். டைனமோவை அவிழ்த்து இறக்கி, இன்ஜின் பெல்ட்டை அதில் மாட்டி, ஏழுமலையையே ஹேண்டில் சுற்றச் சொன்னேன். டுபு டுபு டுபு!

பல்பு எரிந்தது! விசில் பறந்தது. இந்த வயசில் நானும் ஒரு குதி குதித்தேன்.

"எரிஞ்சிடுச்சு! எங்க வூட்டுக்காரரு ஜெயிச்சிட்டாரு!" தனலட்சுமி கை தட்டினாள்.

"ஜெயிச்சாரு அக்கா. எதுல எரியுதுன்னு கொஞ்சம் கேளு!"

கேட்கவே தேவையில்லை. கொட்டகை முழுக்க டீசல் புகை.

அந்த சீசன் டீசல் முழுவதும் நான்தான் போட்டேன், பல்பு எரிய ஊற்றியதையும் சேர்த்து.