ஓடாத துளி

துளி ஓடவில்லை.

கறுப்புப் பூச்சு பூசிய கண்ணாடித் தட்டின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மதுமதி தட்டைச் சாய்த்தாள். அசையவில்லை.

தண்ணீர் ஒட்டாத பரப்பில் துளி எப்படி உருண்டோடும் என்று மூன்று வருடமாக ஆராய்கிறவள் அவள். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. அவள் வீட்டுக் கல்லில் தோசை ஒட்டும். அது வேறு துறை என்று கணவனிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

பத்து மணிக்குச் சென்னையிலிருந்து நிபுணர் வெங்கடசுப்பிரமணியன் வருகிறார். துளி ஓடினால் ஆராய்ச்சி தொடரும். ஓடாவிட்டால் இன்றோடு மூடல். மணி ஒன்பது.

"நேத்து ஓடுச்சே!"

"நேத்து நீங்க வெரலால தடவிப் பாக்கல மேடம்," என்றாள் ஆய்வக உதவியாளர் ஹெப்சிபா.

விரல் எண்ணெய்! 'பூச்சைத் தொடாதீர்' என்று சுவரில் எழுதி ஒட்டியவளே மதுமதிதான். எண்ணெய் போகட்டும் என்று சோப்புத் தண்ணீரில் அலசினாள். இப்போது துளி உட்காரக்கூட இல்லை. பாய் விரித்துப் படுத்துவிட்டது.

"சோப்பு பட்டா தண்ணி பரவும்னு நீங்கதான மேடம் பாடம் எடுத்தீய?"

"நீ சும்மா இரு, ஹெப்சி."

சோப்புப் போகத் தேய்த்தாள். ஒரு மூலையில் பூச்சே உரிந்து வந்தது. ஈரம் காய ஹேர் டிரையரைப் பிடித்தாள். உரிந்த துணுக்கு பறந்து வந்து அவள் மூக்கில் ஒட்டியது. மூன்று வருடத்தில் அந்தப் பூச்சு உறுதியாக ஒட்டிக்கொண்ட முதல் இடம் அதுதான்.

"குடுங்க, வெயில்ல காய வச்சுட்டு வாரேன். நீங்க பைய மொகத்தக் கழுவுங்க," என்று ஹெப்சிபா தட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

நிபுணர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றார். அவர் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த ஹெப்சிபா, தட்டை மேசையில் வைத்தாள். மதுமதி ஒரு சொட்டு விட்டாள்.

துளி முத்தாகத் திரண்டது. இந்தக் கோடிக்கு ஓடியது, அந்தக் கோடிக்கு ஓடியது, விளிம்பில் ஒரு துள்ளுத் துள்ளி நிபுணரின் சட்டையில் விழுந்தது.

"அபாரம்!" என்றார் அவர், சட்டையைத் துடைக்கக்கூட மறந்து. "ஆராய்ச்சி கண்டிப்பா தொடரணும். பூச்சுல என்னம்மா சேர்த்திருக்கீங்க?"

மதுமதி ஓர் அங்குலம் வளர்ந்தாள். கரும்பலகைக்குப் போய் அந்த நீளமான வேதிப்பெயரை எழுதத் தொடங்கினாள். பாதிப் பெயர் வந்திருக்கும்; ஹெப்சிபா காதருகே குனிந்தாள்.

"எழுதாதீய மேடம். ஒங்க தட்டு கை தவறி ஒடைஞ்சிட்டு. இது மெழுகுவத்திப் பொகையில நான் கரி புடிக்க வச்ச சன்னல் கண்ணாடி!"